சீசன் இல்லாத கடற்கரையில் பெண் பார்த்தது

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இனி நான் சொல்லப்போவதையெல்லாம் கேட்டுவிட்டு, இவள் குறை பிடிப்பதற்கென்றே விமானம் ஏறிப் போனவள் என்பீர்கள். அப்படியில்லை. சரிவந்தால் கட்டுவது என்ற எண்ணத்தோடுதான் மொன்றியலிலிருந்து நீஸ் நகரத்துக்குப் போனேன், அதுவும் ஜனவரி மாதத்தில்.

ஜனவரியில் நீஸுக்கு யார் போவார்கள்? புத்தியுள்ளவர்கள் ஜூலையில் போவார்கள். வசதியுள்ளவர்கள் மே மாதத்தில் போவார்கள். ஜனவரியில் போகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து வந்து, நாய்க்குட்டிக்கும் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு திரிகிற வட ஐரோப்பியக் கிழடுகள். மற்றது, ஒருவருடைய கண்ணிலும் படாமல் பெண் பார்க்க நினைக்கிற தமிழர். நாங்கள் இரண்டாவது வகை.

எனக்கு முப்பத்தேழு வயது. முதல் கலியாணம் ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில், புகை கக்குகிற மேடையில், அறிந்த சனம் அறியாத சனம் எல்லாம் பார்க்க நடந்தது. முடிந்தது ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில், ஒருவரும் பார்க்காமல். அதற்குப் பிறகு என்னை யாரும் பார்க்கக்கூடாது என்பது மொன்றியலில், கார்ட்டியர்வில் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் எழுதாத சட்டமாகிவிட்டது. கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் அப்பாவும் அம்மாவும் மட்டும் போவார்கள். கேட்டால், "பிள்ளைக்கு வேலை" என்பார் அம்மா. நான் ஒரு பல் வைத்தியரிடம் பல் துப்பரவு செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருடைய பல்லைத் துப்பரவு செய்கிறாள் என்று ஒரு மனிதர் திருப்பிக் கேட்டதில்லை. முகத்துக்கு முன்னால் கேட்காமல் இருப்பது எங்கள் சனத்தின் நாகரிகம். காருக்குள் ஏறியபிறகு ஆறுதலாகக் கதைப்பார்கள்.

என் வாய் கொஞ்சம் நீளம் என்று அம்மா சொல்வார். தொழில் அப்படி. நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேசமுடியாத ஆட்களோடு கதைத்துப் பழகிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்கார்பரோவில் இருக்கும் தரகர் அன்ரி இந்த இடத்தைச் சொன்னார். மாப்பிள்ளை பாரிஸில், லிஃப்ட் திருத்துகிற வேலை. நாற்பத்தொரு வயது. அவருக்கும் இது இரண்டாவது. ஆனால் பாருங்கள், அவருடைய முதல் கலியாணம் "சரிவரேல்லை". என்னுடைய முதல் கலியாணம் "பிள்ளையின்ர வாழ்க்கை இப்பிடிப் போச்சு". நடந்தது ஒரே சங்கதி. ஆம்பிளைக்கு அது அனுபவம், எனக்கு அது குறை.

மூன்று மாதம் போனில் கதைத்தோம். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அவருக்கு வேலை முடிகிற நேரம். கிளினிக்கின் பின்னறையில் சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கதைப்பேன். லிஃப்டுக்குள் மாட்டுப்பட்ட ஆட்களைப் பற்றிச் சொல்வார். புருசன் பெண்சாதி சண்டை பிடித்துக்கொண்டு ஏறி, லிஃப்ட் நடுவில் நின்றுபோய், இவர் போய்க் கதவைத் திறக்கும்போது கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கதையை அவர் சொன்னபோது நான் சிரித்த சிரிப்புக்கு வைத்தியர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அப்படிச் சிரித்து எனக்குக் கனகாலம்.

ஒரு நாள் அவரிடம் நான் நேரடியாகச் சொன்னேன். "எனக்கு நகை வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஆனா கட்டிறதெண்டா ஊரறியக் கட்டவேணும். பட்டப்பகல்ல, கோயில்ல. இனி என்னால ஒளிச்சிருக்க ஏலாது."

"ஓம், வேற எப்பிடி?" என்றார்.

அந்த ஒரு ஓமை நம்பித்தான் நான் பயணச்சீட்டு எடுத்தேன்.

நேரில் பார்ப்பது என்று வந்ததும் அவருடைய தாய் சட்டம் போடத் தொடங்கினார். பாரிஸில் வேண்டாம், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு ஆள் கண்டால் போதும், பின்னேரத்துக்குள் லண்டன் வரைக்கும் போய்விடும். மொன்றியலும் வேண்டாம். "முதல்ல பார்ப்பம். சரிவந்தாச் சொல்லுவம். சரிவராட்டி வீணாப் பிள்ளையின்ர பேரெல்லோ கெடும்" என்றார். எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து என் அம்மா போனிலேயே கண் கலங்கினார். நீஸ் என்று முடிவெடுத்ததும் மாப்பிள்ளையின் தாய்தான். "ஜனவரியில அங்க ஒரு காக்காய் குருவியும் இராது."

எங்கள் பக்கமும் லேசுப்பட்டதில்லை. எங்கள் வீடு ஒரு டுப்ளெக்ஸ். மேல்மாடியிலும் தமிழ்க் குடும்பம். பெட்டியோடு போவதைக் கண்டால் கேட்பார்களே. அதற்காக அப்பா, ரொறன்ரோவில் இல்லாத ஒரு பெரியப்பாவைச் சாகடித்தார். அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். மேல்வீட்டு அன்ரி துக்கம் விசாரிக்க இறங்கி வந்தார். "என்ன வருத்தம்?" என்று கேட்க, அப்பா "ஹார்ட்" என்றார், அதே நேரத்தில் அம்மா "சலரோகம்" என்றார். அன்ரி இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, போகும்போது ஒரு பெட்டி வடை தந்தார்.

அடுத்த கூத்து ஜக்கெற். மொன்றியலில் அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு. அப்பா மூன்று பேருடைய குளிர் ஜக்கெற்றையும் வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொன்னார். "மத்தியதரைக் கடல். அங்க இதைப் போட்டுக்கொண்டு நிண்டா எங்களைப் பார்த்துச் சிரிப்பினம்." உலக வரைபடத்தில் நீலமாக இருக்கிற இடமெல்லாம் சூடு என்பது அவருடைய எண்ணம். வாசலிலிருந்து டாக்ஸிக்குப் போகிற அந்தப் பத்தடியில் அம்மாவின் பல் கிட்டிவிட்டது.

நீஸில் எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் சிரிப்பதற்கு அங்கே ஆள் இல்லை. வெயில் அடித்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது படத்துக்கு எடுக்கிற வெயில், உடம்பில் ஒட்டாது. மொன்றியலில் குளிர் வெளியில்தான் நிற்கும், வீட்டுக்குள் வந்தால் மெல்லிய சட்டையோடு இருக்கலாம். இங்கே குளிர் அறைக்குள் குடியிருந்தது. விடுதியின் தரை கல், சுவர் கல், சூடாக்கி என்று சொல்லி ஒரு இரும்புச் சாமானைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதைச் சூடாக்க நாங்கள்தான் கட்டிப்பிடிக்க வேண்டும். வரவேற்பறைப் பெண்ணிடம் நான் பிரெஞ்சில் முறையிட்டேன். அவள் என் கியூபெக் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "நீங்கள் கனடாவிலிருந்து வந்தவர்கள், உங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரா" என்றாள். அம்மா இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்தார்.

அடுத்த நாள் காலை கடற்கரை வீதியில் "தற்செயலாக" சந்திப்பதாக ஏற்பாடு. அந்த வீதி ஒரு பெரிய சங்கதி. பனைமரங்கள், நீலக் கதிரைகள், கையைத் தட்டினால் எதிரொலிக்கும்போல வெறுமை. சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பலகை அடித்து, வசந்தத்தில் சந்திப்போம் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தன. மணலும் இல்லை. முழுக்கக் கூழாங்கல். இதற்கா உலகம் முழுக்க அடிபடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் திருகோணமலைக் கடற்கரையைக் கண்ட சனம் இதைக் கடற்கரை என்று ஒத்துக்கொள்ளாது.

அந்த வெறும் வீதியின் ஒரு நுனியில் நாங்கள் மூன்று பேர். மறுநுனியில் அவர்கள் மூன்று பேர். நடுவில் ஒரு புறா. இரண்டு பக்கமும் நடந்து வந்து, தற்செயலாகக் காணவேண்டும். தூரத்திலிருந்தே ஆளை ஆள் தெரிகிறது. ஆனால் தெரியாத மாதிரி முழு வீதியையும் நடக்கவேண்டும். அப்பா கடலைப் பார்த்தபடி வந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் வானத்தைப் பார்த்தபடி வந்தார். கிட்ட வந்ததும் அவருடைய தாய் நெஞ்சில் கையை வைத்து, "ஐயோ, இது நீங்களல்லோ" என்றார். புறா மட்டும்தான் நம்பியிருக்கும்.

கூட்டத்தில் ஒளிக்கலாம், வெறுமையில் ஒளிக்க முடியாது என்பது இந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜூலையில் வந்திருந்தால் நூறு கறுப்புத் தலைகளுக்குள் நாங்களும் ஆறு. இப்போது அந்த நகரத்திலேயே நாங்கள்தான் காட்சி. நாயோடு வந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி நின்று பார்த்து, "நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பமா? எவ்வளவு அழகு" என்றாள். "இன்னும் இல்லை, மடாம்" என்றேன். கிழவிக்கு உடனே விளங்கிவிட்டது. மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, எனக்குக் கண்ணடித்துவிட்டுப் போனாள்.

பிறகு எங்களை இருவரையும் முன்னால் நடக்க விட்டார்கள். பெற்றோர் நாலு பேரும் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். அவர் போன் படத்தில் தெரிந்ததைவிட உயரம் கட்டை. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. நேரில் இன்னும் நன்றாகக் கதைத்தார். மூடிக் கிடந்த ஒரு பெரிய விடுதியைக் காட்டி, "இதுக்குள்ள லிஃப்ட் எல்லாம் இப்ப நித்திரை" என்றார். எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே தன் ஜக்கெற்றைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டார். அந்த ஒரு நிமிடம், இந்த மனிதரோடு இருக்கலாம் என்று நிச்சயமாக நினைத்தேன். சந்தோசமாக இருந்தது.

அவருடைய போன் அடித்தது. பின்னால் வந்துகொண்டிருந்த தாய்தான் அழைத்திருந்தார். எனக்கும் கேட்டது. "தம்பி, ஜக்கெற்றைப் போடு. உனக்குத் தடிமன் வந்திடும். ஆரும் கண்டாலும் வேற மாதிரி நினைப்பினம்." அவர் போனை வைத்துவிட்டு, வெட்கத்தோடு சிரித்தார். நானே ஜக்கெற்றைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். போட்டுக்கொண்டார்.

மதியம் சாப்பிடக் கடை தேடி அலைந்தோம். பழைய நகரத்துக்குள் ஒரு ஒழுங்கையில் ஒரே ஒரு இடம் திறந்திருந்தது. எட்டு மேசை, ஒரு ஆள் இல்லை. அவருடைய தாய் வாசலிலேயே நின்று எங்களைப் பிரித்தார். அவர்கள் ஒரு மேசை, நாங்கள் பக்கத்து மேசை. பரிமாறுகிற பெடியன் வந்து, மேசைகளைச் சேர்த்துவிடட்டா என்று அன்பாகக் கேட்டான். "நோ, நோ" என்றார் அந்த அம்மா. அவன் அரை அடி இடைவெளியில் முதுகோடு முதுகாக இருந்து ஒரே பாசையில் குசுகுசுக்கிற இரண்டு குடும்பத்தையும் பார்த்துவிட்டு, இது எந்த நாட்டு வழக்கமோ என்று போய்விட்டான்.

என் அம்மா மொன்றியலிலிருந்து பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். சம்பந்தம் கதைக்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா. அந்தப் பெட்டியை இந்த மேசைக்குக் கீழால் நீட்டி, அந்த மேசைக்குக் கீழால் மாப்பிள்ளையின் தாய் வாங்கி, மடியில் வைத்துக் கைப்பையால் மூடினார். கள்ளக்கடத்தல்காரர்கூட இன்னும் கொஞ்சம் கௌரவமாகச் செய்திருப்பார்கள்.

சாப்பாடு வந்தது. அதன் பின்னால் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு சமையல்காரரும் வந்தார். வெள்ளை அங்கி, நெற்றியில் ஒரு சின்னத் திருநீற்றுக் கீற்று. முகமெல்லாம் சிரிப்பு.

"தமிழோ?" என்றார்.

பிரான்சில் எந்தச் சாப்பாட்டுக் கடையின் குசினிக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு யாழ்ப்பாணத்தான் நிற்பான். முப்பது வருடமாகப் பாரிஸில் இருக்கிற அந்த அம்மாவுக்கு இது தெரியாதா? தெரியும். அவருடைய புருசனே பதினைந்து வருடம் அப்படி நின்றவர். ஆனாலும் மறைக்கவேண்டும் என்ற அவசரத்தில் அது மறந்துபோயிருக்கிறது.

"அண்ணை எவடம்?" என்று அப்பாவைக் கேட்டார் சமையல்காரர். அப்பா ஊரைச் சொன்னார். "மாரியில ஒரு தமிழ் முகத்தைக் காணுறேல்லை. குரல் கேட்டிட்டு எனக்கு இருக்க முடியேல்லை" என்றார். பிறகு மற்ற மேசைக்குத் திரும்பினார். "அக்காவை எங்கயோ கண்டமாதிரிக் கிடக்கு. லா சப்பல்ல, கோயில் அன்னதானத்தில நிக்கிறனீங்களல்லோ? எல்லாரும் ஒண்டாத்தானே வந்தனீங்கள்? என்ன, கலியாண விசயமோ?"

மாப்பிள்ளையின் தாயின் முகம் வெளிறிப்போனது. "சீச்சீ, என்ன விசர்க்கதை. இவையள் ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது. இஞ்ச வந்துதான் கண்டது."

சமையல்காரருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் எங்களைப் பார்த்தார். நான் என்னைப் பார்க்க வந்தவரைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு அவருக்கு முன்னால் ஆறிக்கொண்டிருக்கிறது, இனி எதைத் தெரிவு செய்யப் போகிறாரோ.

"உங்களுக்கும் தெரியாதோ?" என்று கேட்டேன். பெலத்துத்தான் கேட்டேன்.

"அம்மா சும்மா சொல்லுறா" என்றார், தலையைத் தூக்காமல். "பிறகு கதைப்பம்."

என் அம்மா எழுந்தார். அம்மா கோபப்பட்டு நான் பெரிதாகக் கண்டதில்லை. யாரையும் பகைக்கக்கூடாது என்று சீவித்தவர். அந்த அம்மாவின் மடியிலிருந்த கைப்பையை மரியாதையாகத் தூக்கி மேசையில் வைத்தார். கீழே இருந்த பெட்டியை எடுத்தார். சமையல்காரரிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ தம்பி. மொன்றியல்ல இருந்து கொண்டு வந்தனான். தெரியாத ஆக்களுக்குக் குடுக்கிறதைவிட நீங்கள் சாப்பிடுங்கோ."

சமையல்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் தகப்பன்காரர் பெட்டி போவதைக் கவலையோடு பார்த்தார். பயத்தம் பணியாரம் அவருக்குப் பிடித்தமான சாமான் போல.

நாங்கள் வெளியே வந்து ஒழுங்கையில் நாலடி வைத்திருப்போம், மாப்பிள்ளை பின்னால் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"கோவிக்காதேங்கோ. அம்மா அப்பிடித்தான். கட்டினாப் பிறகு எல்லாருக்கும் சொல்லலாம்தானே."

"அதுவரைக்கும் நான் ஆர்?" என்றேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் எனக்கு இன்னும் கோபம். அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. கடைக்குள் இருந்து தாய். எடுத்தார்.

நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்து கடற்கரை வீதிக்கு வந்தோம். ஒரு நீலக் கதிரையில் அம்மா இருந்தார். நானும் இருந்தேன். அப்பா நின்றார். அலை வந்து கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை, நல்ல காலம். சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தால் அப்பா, "ரெண்டு பேரும் இஞ்சால பாருங்கோ" என்றார். போனைத் தூக்கிப் பிடித்து, கடலும் நாங்கள் மூவரும் தெரிய ஒரு படம் எடுத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். எங்கள் ஊர்ச்சனத்தின் வாட்சப் குழு அது. மொன்றியல், ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், எல்லா இடத்துச் சனமும் அதற்குள் இருக்கிறது. காலை வணக்கமும் மரண அறிவித்தலும் தவிர அப்பா அதில் எதுவும் போட்டதில்லை. எழுதி முடித்து எங்களிடம் காட்டினார்.

"பிரான்ஸ் நாட்டில் நீஸ் நகரத்தில் நிற்கிறோம். மகளின் மறுமணம் விசயமாக வந்தோம். எங்களுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. வேறு நல்ல இடம் இருந்தால் அறியத்தரவும்."

பிடிக்கவில்லை என்று சொல்வது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமை. எங்கள் சனத்தில் பெண் வீட்டார் அதைச் சொல்வதில்லை, "சாதகம் பொருந்தேல்லை" என்று கோள்களின் தலையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆறு வருடமாக என்னைக் கலியாண வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகாத மனிதர் இதை எழுதிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா போனை வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். "எங்களுக்கு எண்டு ஏன் போட்டனீங்கள்? மகளுக்கு எண்டு போடுங்கோ. அவளல்லோ பார்க்க வந்தவள்."

அப்பா அழித்து, திருத்தி எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி மதியத்தில் கிளினிக்கில் சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு யாரோடு கதைப்பேன் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் மறுபடி ஓடிவருகிறாரா என்று வீதியை ஒருமுறை பார்த்தேன். முழு வீதியும் தெரிந்தது. ஒருவரும் வரவில்லை.

"அனுப்பட்டோ?" என்று கேட்டார் அப்பா.

"அனுப்புங்கோ" என்றேன்.